பாறைத்தூள் தூவி கார்பன் பிடிக்கும் கள ஆய்வு: எங்கிருந்து தொடங்குவது, எதை அளப்பது

பாறைத்தூளை வயலில் கொட்ட ஒரு லாரியும் ஒரு டிராக்டரும் போதும். அந்தத் தூள் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடைப் பிடித்தது என்று எண்ணிக்கையோடு சொல்வதுதான் கஷ்டம், ஆய்வுக் குழுவின் உழைப்பெல்லாம் அதில்தான் போகும். ஜியாலஜி, மண்ணியல், வேளாண்மை படிக்கிறவர்களில் யாராவது இந்தத் தலைப்பை ஆராய்ச்சிக்கு எடுக்க நினைத்தால் அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முன்மாதிரியாக ஒன்றைப் படிப்பதென்றால், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் எனர்ஜி ஃபார்ம் என்ற ஆய்வுப் பண்ணையில் நடந்த சோதனையைப் படியுங்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் பியர்லிங் தலைமையில் இயங்கும் குழுவும் இல்லினாய்க்காரர்களும் சேர்ந்து, மக்காச்சோளமும் சோயாவும் மாறி மாறிப் போடும் நிலத்தில், ஹெக்டேருக்கு வருடத்துக்கு 50 டன் பசால்ட் (எரிமலைக் குழம்பு இறுகி உண்டான கருநிறக் கல்) தூள் வீதம் நாலு வருடம் போட்டார்கள். 2024இல் முடிவு வெளிவந்தது. நாலு வருடத்தில் ஹெக்டேருக்கு 10.5 டன் கார்பன் டை ஆக்சைடு பிடிபட்டது, அது 3.8 டன் கூடவோ குறையவோ இருக்கலாம். மகசூல் 12 முதல் 16 சதவீதம் கூடியது. 200 டன் கல்லுக்குப் பத்து டன் சொச்சம்தான், அதிலும் முன்னே பின்னே நாலு டன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வேதியியல் எளிது. மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சு விடுவதால் அங்கே கார்பன் டை ஆக்சைடு வெளிக்காற்றைவிடப் பல மடங்கு அதிகம். அது நீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகி, பாறையின் சிலிகேட் தாதுக்களைக் கரைக்கிறது, கால்சியமும் மெக்னீசியமும் வெளியே வருகின்றன, வாயு பைகார்பனேட்டாக மாறி நிலத்தடி நீர், ஆறு என்று போய்க் கடலில் சேருகிறது. அங்கே பல்லாயிரம் வருடம் தங்கும். இயற்கை இதை எப்போதும் செய்துகொண்டுதான் இருக்கிறது, நாம் கல்லைப் பொடியாக்கிப் பரப்பளவைக் கூட்டி அதை வேகப்படுத்துகிறோம். கணக்குக்கு ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பைகார்பனேட்டாகவே கடலுக்குப் போனால் கரைந்த ஒவ்வொரு கிலோ கால்சியத்துக்கும் 2.2 கிலோ கார்பன் டை ஆக்சைடு. வழியிலேயே சுண்ணாம்பாகப் படிந்துவிட்டால் அதில் பாதி திரும்பக் காற்றுக்குப் போய்விடும்.

அதனால்தான் வயலைத் தேர்ந்தெடுப்பது முதல் வேலை. புளிப்பு மண், நல்ல மழை அல்லது பாசனம், வெயில், வடிகால், இந்த நாலும் வேண்டும். பிஎச் 8ஐத் தொடும், உடைத்தால் சுண்ணாம்பு முடிச்சு தெரியும் கரிசல் நிலத்தில் இதைத் தொடங்க வேண்டாம், தூளும் மெதுவாகத்தான் கரையும், கரைந்ததும் சுண்ணாம்பாகப் படியும். பிஎச் 5, 6 உள்ள செம்மண், செம்புறை மண் ஏற்றது.

அடுத்து கல். பசால்ட்டைப் பலரும் விரும்பக் காரணம் இருக்கிறது. கால்சியமும் மெக்னீசியமும் கணிசமாக உண்டு, கொஞ்சம் பாஸ்பரஸும் உண்டு, நச்சு உலோகம் ஒப்பீட்டில் குறைவு. ஒலிவைன் என்ற தாது நிறைந்த டூனைட் பாறை வேகமாகக் கரையும், டன்னுக்குப் பிடிக்கும் அளவும் அதிகம், ஆனால் நிக்கலும் குரோமியமும் கூடவே வரும். சோறு விளையும் மண்ணில் அதைப் போட நான் சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் இருந்து ஆரம்பிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: நம் ஊர் கிரஷர்களில் மலிவாகக் கிடைக்கும் தூள் பெரும்பாலும் சார்னோகைட், கிரானைட், நைஸ் வகைப் பாறைகளில் இருந்து வருவது. குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் அதிகம், கரைவது மிக மெதுவாக. தருமபுரிப் பக்கம் நிலத்துக்குள் சுவர் போல நிற்கும் டோலரைட் பாறைகள் உண்டு, பசால்ட்டோடு ஒரே குடும்பம், அதை வெட்டும் குவாரி கிடைக்கிறதா என்று பாருங்கள். எந்தக் கல்லானாலும் எக்ஸ்ஆர்டி, எக்ஸ்ஆர்எஃப் என்ற எக்ஸ்-கதிர் சோதனைகளைச் செய்து என்ன தாது, என்ன தனிமம், எவ்வளவு என்று தெரிந்த பிறகுதான் லாரியை வரச்சொல்ல வேண்டும். துகள் அளவையும் சல்லடையிலோ லேசர் கருவியிலோ பார்த்துவிடுங்கள். நைசாக அரைக்க அரைக்க வேகமாகக் கரையும், மின்சாரச் செலவும் ஏறும். குவாரியில் ஏற்கெனவே கழிவாகக் குவிந்திருக்கும் மாவு போன்ற தூள் கிடைத்தால் அரைக்கும் செலவே இல்லை.

சரி, இப்போது ஆய்வே நிற்கிற அல்லது விழுகிற இடத்துக்கு வருவோம். ஒரு ஹெக்டேரில் மேல் 15 செ.மீ. மண் ஏறக்குறைய 2,000 டன் இருக்கும். அதில் 50 டன் தூளைக் கலந்தால் இரண்டரை சதவீதம். மண்ணில் 1 சதவீதம் கால்சியம் என்று வைத்துக்கொண்டால் அதுவே 20 டன். தூளில் 6 சதவீதம் என்றால் நீங்கள் கூட்டியது 3 டன். முதல் வருடத்தில் அதில் பத்தில் ஒரு பங்கு கரைந்தால் 300 கிலோ. 23 டன்னில் 300 கிலோ குறைந்ததைக் கண்டுபிடிக்க வேண்டும், ஆனால் ஒரே வயலில் பத்தடி தள்ளி எடுக்கும் மண்ணிலேயே இதைவிடப் பெரிய வித்தியாசம் இருக்கும்! தூவிய பிறகு நாலு இடத்தில் மண் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

ஆகவே தூள் போடும் முன்பே செய்யவேண்டியது நிறைய. தூள் போடாத கன்ட்ரோல் பாத்திகள் கட்டாயம், தூள் போடும் பாத்திகளுக்குச் சமமான எண்ணிக்கையில், வயலின் மேடு பள்ளம் பார்த்துப் பிரித்து, சீட்டுக் குலுக்கி இடம் ஒதுக்குங்கள். நல்ல இடத்தைத் தூளுக்கும் மோசமான மூலையைக் கன்ட்ரோலுக்கும் கொடுக்கும் ஆசை யாருக்கும் வரும், குலுக்கல் அதற்குத்தான். ஒவ்வொரு பாத்தியிலும் ஜிபிஎஸ் குறித்து, பல குழி போட்டு, ஆழ வாரியாக மண் எடுத்து, பிஎச், மண் துகள்களில் ஒட்டியிருந்து நீருக்கு இடம் மாறக்கூடிய கால்சியம், மெக்னீசியம், மொத்தத் தனிமங்கள் எல்லாவற்றையும் அளந்துவிடுங்கள். பிறகு அதே குறிகளுக்குப் பக்கத்திலேயே திரும்பத் திரும்ப எடுங்கள். எடுத்த மண்ணிலும் தூளிலும் ஒரு பங்கைக் காயவைத்து, பெயர் ஒட்டி, எடுத்து வையுங்கள், நாளைக்கு வேறு அளவு முறை வந்தால் அதில் போட்டுப் பார்க்கலாம்.

தூவும் நாளில் ஈரப்படுத்திய தூளைத் தூவுங்கள், எல்லோரும் நல்ல முகக்கவசம் போடட்டும். சிலிக்கா தூசு நுரையீரலைக் கெடுக்கும், கல் குவாரித் தொழிலாளிகள் உள்ள ஊர்களில் இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சுண்ணாம்பு தூவும் இயந்திரமே போதும். தூவிய பின் தட்டுகள் வைத்து எங்கே எவ்வளவு விழுந்தது என்று எடை போடுங்கள், டிரைவர் சொன்ன கணக்கை அப்படியே எழுதிவிடாதீர்கள்.

அளப்பதற்கு இரண்டு வழி, இரண்டையும் செய்யுங்கள். ஒன்று திண்மம்: டைட்டானியம் மண்ணில் அனேகமாக நகராது. தூளோடு வந்த டைட்டானியம் அப்படியே நிற்க, கால்சியமும் மெக்னீசியமும் கரைந்து போகும். டைட்டானியத்தை வைத்து எவ்வளவு தூள் விழுந்தது என்று கணித்து, இருக்கவேண்டிய கால்சியத்துக்கும் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கலாம். மண்ணிலேயே டைட்டானியம் அதிகம் இருந்தால் இந்த முறை தடுமாறும், முன்பே பார்த்துவிடுங்கள். இன்னொன்று நீர்: வேர் ஆழத்துக்குக் கீழே லைசிமீட்டர் என்ற நீர் சேகரிக்கும் கருவியைப் புதைத்து மண்நீரை உறிஞ்சி, உடனே வடிகட்டி, டைட்ரேஷனில் காரத்தன்மை பாருங்கள். முதல் வருடம் நீரில் ஒன்றும் கூடவில்லையே என்று பதற வேண்டாம். வெளிவந்த கால்சியத்தைக் களிமண் துகள்கள் முதலில் பிடித்து வைத்துக்கொள்ளும், நீருக்கு வர வருடக்கணக்கில் ஆகலாம்.

ஒரு கள்ளக்கணக்கு இங்கேதான் நுழையும். யூரியாவும் அமோனியம் உரமும் போட்ட மண்ணில் நைட்ரிக் அமிலம் உண்டாகும். கல்லைக் கரைத்தது அந்த அமிலம் என்றால் அந்தக் கால்சியத்துக்குக் கார்பன் வரவு கிடையாது. அதனால் நீரில் நைட்ரேட்டையும் சல்பேட்டையும் சேர்த்தே அளந்து கழியுங்கள். இதைச் செய்யாமல் பெரிய எண் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

கடைசியில் செலவைக் கழிக்க வேண்டும். லாரியும் டிராக்டரும் குடித்த டீசல் லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, அப்புறம் கிரஷரின் மின்சாரம். கல் தூரத்தில் இருந்து வந்தால் வரவில் நல்ல பங்கு லாரியிலேயே போய்விடும். இலை, தானியம், மண் மூன்றிலும் நிக்கல், குரோமியம் பார்த்து அதையும் வெளியிடுங்கள், நிலத்தைக் கொடுத்த விவசாயிக்கு முதலில் சொல்லுங்கள். முடிவை எழுதும்போது ஹெக்டேருக்கு இத்தனை டன் என்பதோடு கூடக்குறைய எவ்வளவு என்பதையும் அதே வரியில் எழுதுங்கள், இல்லினாய்க்காரர்கள் அந்த 3.8ஐ எழுதியதைப் போல.