தாய்மாமன் தொட்டில்: வீட்டிலேயே செய்வது எப்படி?

அக்கா மகனுக்கு நான் செய்த முதல் தொட்டில் இரண்டே மாதத்தில் பல்லைக் காட்டிவிட்டது. மில்லில் மாமரம் வாங்கினேன். "காஞ்ச மரம்தான் தம்பி" என்றார்கள், நம்பினேன். வீட்டுக்கு வந்தபின் மரம் காய்ந்து சுருங்க, கிராதிகளெல்லாம் (பக்கங்களில் வரிசையாக நிற்கும் தடுப்புக் குச்சிகள்) துளைக்குள் லூசாகி, ஆட்டும்போதெல்லாம் கடகட சத்தம். "கிலுகிலுப்பை தனியா வாங்க வேண்டாம், விடுங்க" என்று அத்தான் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது தங்கைக்கு ஏழாம் மாதம். இந்த முறை ஒழுங்காகச் செய்திருக்கிறேன். நான் தச்சன் இல்லை, ஞாயிற்றுக்கிழமை மரவேலைக்காரன். ரம்பம் பிடிக்கத் தெரிந்தால் உங்களாலும் முடியும். ஆறேழு வார இறுதிகள் ஒதுக்குங்கள்.

எங்கள் வீட்டில் குழந்தை பிறக்கும் முன் தொட்டிலை வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள். அதனால் முழுசாகக் கழற்றி மாட்டும்படி செய்திருக்கிறேன். இப்போது துண்டு துண்டாகப் பரணில் கிடக்கிறது. "அது தொட்டில் இல்லம்மா, வெறும் கட்டை" என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

மெத்தைதான் முதலில்

தொட்டில் செய்துவிட்டு மெத்தை தேடாதீர்கள். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருந்தால் அங்கே குழந்தையின் முகம் சிக்கலாம். நான் வாங்கியது 34 × 17 அங்குலம், 2 அங்குல தடிமன், அழுத்தினால் அமுங்காத கெட்டி மெத்தை. அதற்குப் பெட்டியின் உள்ளளவு 34½ × 17½. உங்கள் மெத்தை வேறு அளவென்றால் கீழே உள்ள கணக்கை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

மரம்

தேக்கு, பூவரசு, வேம்பு மூன்றும் நல்லது. எதுவானாலும் காய்ந்திருக்க வேண்டும். 1 அங்குல தடிமன் பலகை நிழலில் காய ஏறக்குறைய ஒரு வருடம் பிடிக்கும். அதைத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க நமக்கு வராது. ஆகவே பழைய மரக்கடைக்குப் போனேன். இடித்த வீட்டின் நிலை, ஜன்னல், உத்தரமெல்லாம் அங்கே வரும். ஐம்பது வருடம் வீட்டில் நின்ற தேக்கு இனிமேலா சுருங்கப் போகிறது?

பழைய மரத்தில் இரண்டு வில்லங்கம். ஒன்று, உள்ளே ஒளிந்திருக்கும் ஆணி. காந்தத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். அவசரத்தில் நான் ஒரு பக்கத்தை விட்டுவிட்டேன், இழைப்புளியின் கத்தி பல்லுப் போனது. இரண்டு, பழைய பெயின்ட். வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய ஜன்னலின் பச்சை பெயின்டைத் தேய்த்தால் அந்த ஈயத்தூள் வீடு முழுக்கப் பறக்கும். பெயின்ட் அடித்த மரத்தைத் தொடவே தொடாதீர்கள்.

மொத்தம் 1½ கன அடி மரம் போதும், கழிவும் சேர்த்து. பட்டறையிலேயே மிஷினில் இழைத்து, சொன்ன தடிமனுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கையால் இழைப்பது அழகான வேலைதான், ஆனால் முதல் தொட்டிலுக்கு வேண்டாம்.

வெட்ட வேண்டியவை (அளவெல்லாம் அங்குலத்தில்)

நீளப் பக்கத்துக் கிடைச்சட்டம்: 36 × 2 × 1, நான்கு
நீளப் பக்கத்து நெட்டுச்சட்டம்: 16 × 1½ × 1, நான்கு
குறுகிய பக்கத்துக் கிடைச்சட்டம்: 16½ × 2 × 1, நான்கு
குறுகிய பக்கத்து நெட்டுச்சட்டம்: 16 × 1¼ × 1, நான்கு
கிராதி: 11 × 1¼ × ½, இருபத்தெட்டு
இடைக்கட்டை: 2 × ½ × ½, அறுபத்து நான்கு
அடிப்பலகை: 17¼ × 3 × ½, பத்து
அடிப்பலகை தாங்கும் சட்டம்: 34 × 1 × 1, இரண்டு
தாங்குகால்: 30 × 2½ × 2, இரண்டு
பாதம்: 24 × 3 × 2, இரண்டு
கால்களை இணைக்கும் சட்டம்: 47 × 4 × 1, ஒன்று
திண்டு: 4 × 3 × 1, இரண்டு

நெட்டுச்சட்டங்களின் கடைசி உயரம் 14 அங்குலம்தான். 16 ஏன் என்பது கழுந்து, அதாவது துளைக்குள் நுழையச் செதுக்கும் முனை, வரும் இடத்தில் புரியும்.

கிராதி: இங்கேதான் நிதானம் வேண்டும்

இரண்டு கிராதிக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பது அழகுக்கான கேள்வி இல்லை. இடைவெளி பெரிதானால் குழந்தையின் உடம்பு வழுக்கி வெளியே போகும், தலை மட்டும் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் அமெரிக்காவில் 1970களிலிருந்தே குழந்தைக் கட்டில்களுக்கு 2⅜ அங்குலம், அதாவது 60 மி.மீ.தான் உச்சவரம்பு. நாம் 2 அங்குலத்தில் நிற்கிறோம்.

அந்த 2 அங்குலம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வர வேண்டுமே? முதல் தொட்டிலில் ஒவ்வொரு கிராதிக்கும் தனித்தனியாக உளியால் துளை அடித்தேன். இருபது துளைக்குமேல் கை நடுங்கி, கோடு தவறி, இடைவெளி ஒன்றுக்கொன்று மாறிப்போனது. இந்த முறை வேறு வழி. கிடைச்சட்டத்தின் உள்விளிம்பில் ½ அங்குல அகலம், ½ அங்குல ஆழத்தில் ஒரே நீளப் பள்ளம். மேல்சட்டத்துக்குக் கீழ்விளிம்பில், கீழ்ச்சட்டத்துக்கு மேல்விளிம்பில். இதை இழைக்கிற பட்டறையிலேயே ரவுட்டரில் ஓட்டித் தந்துவிடுவார்கள்.

அப்புறம் விளையாட்டு மாதிரிதான். பள்ளத்தில் ஒரு இடைக்கட்டை, ஒரு கிராதி, ஒரு இடைக்கட்டை, ஒரு கிராதி. நீளப் பக்கத்தில் 10 கிராதி, 11 இடைக்கட்டை. கிராதிகள் 12½, இடைக்கட்டைகள் 22, கூட்டினால் சரியாக 34½. குறுகிய பக்கத்தில் 4 கிராதி, 5 இடைக்கட்டை: 5 + 10 = 15. அளவுகோலே வேண்டாம். கட்டை சரியாக இருந்தால் இடைவெளி தானாகச் சரியாக இருக்கும்.

ஆகவே அந்த 64 கட்டைகளையும் ஒரே மூச்சில், ஒரே அடைப்பு வைத்து வெட்டுங்கள். ரம்பத்திலிருந்து 2 அங்குலம் தள்ளி ஒரு கட்டையை ஆணியடித்து வைத்து, நீளக்குச்சியை அதில் முட்டவைத்து வெட்டிக்கொண்டே போவது. ஒவ்வொன்றையும் அளந்து வெட்டினால் ஆளுக்கு அரை நூல் வித்தியாசம் வரும், பதினொன்று சேரும்போது அரை அங்குலத்துக்கு மேல் போய்விடும். (எட்டு நூல் ஓர் அங்குலம்; தச்சரிடம் பேசும்போது மில்லிமீட்டரைவிட இது உதவும்.)

கழுந்து

கிடைச்சட்டத்தின் இரு முனையிலும் 6 நூல் நீளம், 1 அங்குல அகலம், 3 நூல் தடிமனில் கழுந்து. அது நுழையும் துளை நெட்டுச்சட்டத்தில். முதலில் துளையை உளியால் அடியுங்கள், அதற்கேற்பக் கழுந்தைச் செதுக்குங்கள். கழுந்தைக் குறைப்பது சுலபம், துளையைச் சிறிதாக்க யாராலும் முடியாது.

நெட்டுச்சட்டத்தின் முனைக்கு மிக அருகே துளை அடித்தால் மரம் பிளந்துவிடும். அதற்காகத்தான் இரு முனையிலும் 1 அங்குலம் கூடுதலாக விட்டிருக்கிறோம். பசை காய்ந்தபின் அந்தக் கொம்புகளை மேல்சட்டத்தோடும் கீழ்ச்சட்டத்தோடும் சமமாக அறுத்துவிடுங்கள். நுனியில் குமிழ் வைத்து அலங்கரிக்க ஆசை வரும், வேண்டாம். துருத்திக்கொண்டிருக்கும் எதிலும் சட்டையோ கழுத்துக் கயிறோ மாட்டும்.

கையால் தள்ளினால் நுழைய வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் விழக்கூடாது. கழுந்தில் அதுதான் சரியான பிடி. நான்கு பக்கங்களையும் (பார்க்க ஏணி மாதிரி இருப்பதால் இனி ஏணி என்றே சொல்கிறேன்) பசையில்லாமல் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். மூலைக்கு மூலை அளந்து இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் பசை போட்டு, கிளாம்ப் இறுக்கி, ஒரு நாள் அப்படியே விடுங்கள். பசை கழுந்துக்கும் இடைக்கட்டைக்கும் மட்டும். கிராதி தானே நிற்கும்.

குறுகிய ஏணிகள் இரண்டும் நீள ஏணிகளுக்கு நடுவே அமரும். மூலைக்கு இரண்டு ¼ அங்குல போல்ட், 2 அங்குல நீளம். தலையும் நட்டும் மரத்துக்குள் புதையும்படி குழி எடுத்து இறுக்குங்கள். பசை இங்கே கிடையாது, கழற்ற வேண்டுமே.

அடி

நீளப் பக்கத்துக் கீழ்ச்சட்டங்களின் உட்புறம் தாங்கும் சட்டத்தைத் திருகாணியால் பொருத்தி, அதன்மேல் பத்துப் பலகையையும் அரை அங்குல இடைவெளியில் வையுங்கள். காற்று போகும், ஈரமானாலும் சீக்கிரம் காயும்.

ஆடும் இடம்

பாதத்தின் நடுவில் தாங்குகாலைக் கழுந்தால் நிறுத்துங்கள். இரண்டு கால்களையும் இணைக்கும் சட்டம், தரையிலிருந்து 5 அங்குலத்தில் கால்களை ஊடுருவி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நீட்டலில் ஓட்டை போட்டு மர ஆப்பு அடித்தால் இறுகும். ஆப்பைத் தட்டினால் கழலும். கால்களின் உள்முகத்துக்கு இடையே 39 அங்குலம்.

குறுகிய ஏணியின் மேல்சட்டத்தில் வெளிப்புறம் திண்டை ஒட்டி, பெட்டியின் மேல்விளிம்பிலிருந்து 1 அங்குலம் கீழே, சரியாக நடுவில் 3 நூல் போல்டுக்குத் துளை. தாங்குகாலில் துளை தரையிலிருந்து 28 அங்குலத்தில். 5 அங்குல நீளத்தில், உருண்டைத் தலையுள்ள போல்ட் வாங்கி, தலையைப் பெட்டியின் உட்பக்கம் வையுங்கள். வெளியே நைலான் நட்; சாதா நட் ஆட ஆடத் தானாகக் கழன்று வந்துவிடும். தாங்குகாலின் துளைக்குள் ஒரு பித்தளைக் குழாய்த் துண்டைச் செருகினால் மரம் தேயாது, கிறீச்சென்ற சத்தமும் இருக்காது.

இன்னொன்று, பலர் விட்டுவிடுவது. ஆட்டத்துக்கு ஓர் எல்லை வேண்டும். அண்ணன்காரன் ஆசையில் வீசி ஆட்டினால் குழந்தை ஒரு பக்கமாக உருண்டுபோகும். குறுகிய ஏணியின் கீழ்ச்சட்டத்தில், தாங்குகாலுக்கு இரு பக்கமும் 3 அங்குலம் தள்ளி, 2½ அங்குலம் வெளியே நீட்டியபடி ஒரு மர முளை அடித்துவிட்டேன். பெட்டி ஏறக்குறைய 15 பாகை சாய்ந்ததும் முளை காலில் முட்டி நின்றுவிடும். முளைக்குத் துணி சுற்றினால் சத்தம் கேட்காது.

மெருகு

80, 120, 220 என்று மூன்று உப்புத்தாள். விளிம்பையெல்லாம் உருட்டிவிடுங்கள். பழைய நைலான் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள்; சிலாம்பு இருந்தால் நூல் இழுக்கும்.

பூச்சுக்கு நான் அவலரக்குதான் (ஷெல்லாக்). கர்நாடகத்துச் சென்னபட்டணப் பொம்மைக்கும் நம் அம்பாசமுத்திரம் சொப்புக்கும் அந்தப் பளபளப்பைத் தருவது அரக்குதானே. 500 மி.லி. ஸ்பிரிட்டில் 100 கிராம் போட்டு ஓர் இரவு ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, மெல்லிசாக நான்கு கை. ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்புப் பக்கம் போகாமல் செய்யுங்கள். அதன்பின் மூன்று வாரம் காற்றாட வைத்தால் வாடை போய்விடும். சோப்புத் தண்ணீர் அரக்குக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

மூட்டை

மாட்டி முடித்ததும் 25 கிலோ அரிசி மூட்டையை உள்ளே போட்டு ஓர் இரவு விட்டேன். காலையில் ஒவ்வொரு மூட்டாக ஆட்டிப் பார்த்தேன். பாட்டி வந்து நின்றாள். வெறும் தொட்டிலை ஆட்டினால் ஆகாது என்பவள், அரிசி இருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை. "குழந்தைய விடுறதுக்கு முன்னாடி குழவிக்கல்லை வெச்சு ஆட்டுவோம்டா, அந்தக் காலத்துல" என்றாள். அது ஏனென்று அன்றுதான் எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது.

தங்கைக்கு எழுதிக் கொடுக்கப்போவது இவ்வளவுதான்: மல்லாக்கப் படுக்க வை. தலையணை, பொம்மை, தடித்த போர்வை உள்ளே வேண்டாம். மாதம் ஒருமுறை நட்டுகளை இறுக்கு. கையூன்றி எழ ஆரம்பித்தால், எப்படியும் ஐந்து மாதத்தில், தொட்டிலை நிறுத்திவிடு. பழைய புடவையில் தூளி கட்டலாம் என்று அம்மா நிச்சயம் சொல்லுவாள், அதை நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள்.

அரிசி மூட்டையை இறக்கி, ஆப்புகளைத் தட்டி, எல்லாவற்றையும் கழற்றிக் கோணியில் சுற்றிப் பரணில் ஏற்றியாயிற்று. போல்ட்டும் நட்டும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில். குழவிக்கல்லைத்தான் தேட வேண்டும். வீட்டில் மிக்ஸி வந்தபின் அது எங்கே போனதென்று யாருக்கும் நினைவில்லை.