கரண்ட் வந்ததும் பில் போட

எங்கள் இரும்புக் கடையின் பில்லிங் புரோகிராம், உபுண்டு (லினக்ஸ் வகை ஆபரேட்டிங் சிஸ்டம்) போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஓடுகிறது. கல்லாவிலும் குடோனிலும் பிரவுசரைத் திறந்து பில் போடுவார்கள். முன்பெல்லாம் கரண்ட் போய் வந்தால் அந்தப் புரோகிராமைக் கையால்தான் கிளப்ப வேண்டியிருந்தது. ஒருநாள் கல்யாணப் பந்தியில் இலைக்கு முன் உட்கார்ந்திருக்கிறேன், கடையிலிருந்து போன். பையனுக்கு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி டைப் அடிக்க வைத்து முடிப்பதற்குள் ரசம் வந்துவிட்டது. கரண்ட் வந்ததும் அது தானாகக் கிளம்ப வைக்கும் வேலையில் அன்று ராத்திரியே இறங்கினேன்.

முதலில் பயாஸ், அதாவது கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது உபுண்டுவுக்கு முன்னால் வரும் செட்டிங்ஸ். கம்ப்யூட்டரே ஆன் ஆகாவிட்டால் மற்றதெல்லாம் வீண். பவர் பகுதியில் 'ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்' என்பது போல ஒரு வரி இருக்கும். போர்டுக்குப் போர்டு பெயர் மாறும். அதில் 'பவர் ஆன்' வையுங்கள்.

அப்புறம் சிஸ்டம்டி. 2015-ல் வந்த 15.04 பதிப்பிலிருந்து உபுண்டுவில் சர்வீஸ்களை, அதாவது பின்னணியில் ஓடும் புரோகிராம்களை, கிளப்புவது இதுதான். ஈடிசி ஃபோல்டருக்குள் சிஸ்டம்டி, அதற்குள் சிஸ்டம். அங்கே 'பில்லிங் டாட் சர்வீஸ்' என்று ஒரு ஃபைல் வேண்டும். அதன் சர்வீஸ் பகுதியில் 'எக்ஸெக்ஸ்டார்ட்' வரிக்குப் புரோகிராமின் முழுப் பாதையைக் கொடுங்கள். 'யூசர்' வரியை விட்டுவிட்டால் எல்லா அதிகாரமும் உள்ள ரூட்டாக ஓடும், அது வேண்டாம். எந்த ஃபோல்டரிலிருந்து ஓட வேண்டும் என்று சொல்லும் 'வொர்க்கிங்டைரக்டரி' வரியைப் போடாததால் என் புரோகிராம் டேட்டாபேஸைக் காணோம் என்று அழுதது. இன்ஸ்டால் பகுதியில் 'வாண்டட்பை', அதற்கு நேராக 'மல்டி-யூசர் டாட் டார்கெட்'.

சேவ் செய்ததும் 'சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்', பிறகு 'சிஸ்டம்சிடிஎல் எனேபிள் பில்லிங்', இரண்டும் சுடோவோடு (அட்மின் அதிகாரத்தோடு ஓட முன்னால் போடும் சொல்). 'ஸ்டார்ட்' என்றால் இப்போது ஓடும், அவ்வளவுதான். ஒவ்வொரு பூட்டிலும் தானாக வர 'எனேபிள்' வேண்டும்.

ரீபூட் செய்து பார்த்தேன், ஜோராக வந்தது. ஆனால் நிஜமாகவே கரண்ட் போய் வந்த அன்று பில்லிங் மட்டும் எழுந்திருக்கவில்லை. விழுந்தால் திரும்பக் கிளப்பச் சொல்லி, சர்வீஸ் பகுதியில் 'ரீஸ்டார்ட்' வரியில் 'ஆன்-ஃபெயிலியர்' என்று போட்டிருந்தும்! 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையில் லாகை, அதாவது நடந்ததன் பதிவை, பார்த்தால் விஷயம் வேறு. ரௌட்டரும் அதே கரண்டில்தான் ஓடுகிறது. அது எழுந்து கம்ப்யூட்டருக்கு ஐபி (நெட்வொர்க் முகவரி) கொடுக்க ஒன்றரை நிமிஷம். என் புரோகிராமோ அந்த ஐபி கிடைத்தால்தான் ஓடும். சிஸ்டம்டி விழுந்ததைத் திரும்பக் கிளப்பும், ஆனால் நாம் எதுவும் சொல்லாவிட்டால் இடைவெளி வெறும் 100 மில்லி செகண்ட். 10 செகண்டுக்குள் 5 தடவை கிளப்பியும் புரோகிராம் நிலைத்து ஓடாவிட்டால், போதும் என்று கைவிட்டுவிடும். கண் மூடித் திறப்பதற்குள் ஐந்தும் தீர்ந்துபோயிருந்தது.

சர்வீஸ் பகுதியிலேயே 'ரீஸ்டார்ட்செக்' என்று இன்னொரு வரி சேர்த்து 5 என்று கொடுத்தேன். ஐந்து செகண்டுக்கு ஒரு முறை என்றால் அந்த வரம்பைத் தொடவே தொடாது. ரௌட்டர் வரும்வரை முயன்றுகொண்டே இருக்கும்.

அதனால் ரீபூட் செய்து பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, ரௌட்டரோடு சேர்த்து மெயின் சுவிட்சை அணைத்து, அரை நிமிஷம் கழித்துப் போடுங்கள். கீபோர்டைத் தொடாமல் போனில் பில்லிங் பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள்.