விளையாட்டில் ஏறும் புள்ளி கணக்கில் ஏறுமா?

ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும்போது, நினைவாற்றல் வளரட்டும் என்று பிள்ளைக்குக் கைத்தொலைபேசியில் 'மூளைப் பயிற்சி' விளையாட்டைப் போட்டுக்கொடுக்கும் பெற்றோர் திருகோணமலையிலும் இருக்கிறார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் விளையாட்டில் புள்ளி ஏறுவதைப் பார்த்து அறிவு ஏறுகிறது என்று நம்புவது பெரிய தவறு.

நிலாவெளி பஸ்ஸில் 38 பேர். உப்புவெளியில் 9 பேர் இறங்கி 14 பேர் ஏறினால் எத்தனை பேர்? இடையில் வரும் 29ஐ மனத்தில் பிடித்துக்கொண்டே 14ஐக் கூட்ட உதவுவதுதான் செயல் நினைவு. பயிற்சி விளையாட்டிலோ ஒரு சதுரம் திரையில் இடம் மாறித் தோன்றும். இரண்டு தடவைக்கு முன்பு வந்த அதே இடத்தில் வந்தால் தொட வேண்டும். சில வாரங்களில் பிள்ளை இதில் தேறிவிடும். 2008இல் உளவியல் ஆய்வாளர் சூசன் யேகி குழுவினர், இத்தகைய பயிற்சி புதிய சிக்கல்களைத் தீர்க்கும் நுண்ணறிவையே உயர்த்துகிறது என்றார்கள். 2013இல் ரெடிக் என்ற ஆய்வாளரின் குழுவினர் வேறு பயிற்சி செய்தவர்களோடும் எதுவும் செய்யாதவர்களோடும் ஒப்பிட்டபோது அந்த உயர்வு தென்படவில்லை. அதே ஆண்டு பல ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்த மெல்பி-லெர்வாக், ஹியூம் இருவரும், அந்தப் பயிற்சியின் பலன் வாசிப்புக்கோ கணக்குக்கோ போய்ச் சேர்வதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்றனர்.

இதை 1980இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. ஏழு இலக்கங்களை மட்டுமே நினைவில் வைத்த கல்லூரி மாணவர் ஒருவர், ஏறத்தாழ 20 மாதப் பயிற்சியில் 79 இலக்கங்கள்வரை சொன்னார். ஓட்டக்காரரான அவர் இலக்கங்களை ஓட்ட நேரங்களாக மாற்றித் தொகுத்துக்கொண்டார். எழுத்துகளைக் கொடுத்ததும் ஆறோடு நின்றுவிட்டார். வளர்ந்தது அவருடைய உத்தி. நினைவின் கொள்ளளவு அல்ல.

மூளைப் படத்தைக் காட்டினால் மயங்குவது இன்னொரு தவறு. பயிற்சிக்குப் பின் மூளையின் முன்பகுதியிலும் மேற்பக்கப் பகுதியிலும் செயற்பாடு கூடியதாக 2004இல் கிளிங்பெர்க் குழுவினர் கண்டது உண்மை. வேறு ஆய்வுகளில் செயற்பாடு குறைந்துமிருக்கிறது. எதைப் பழகினாலும் மூளை மாறத்தான் செய்யும். அந்த மாற்றம் பரீட்சைத் தாளில் உதவுமா என்பது தனிக் கேள்வி.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, சொன்னதை மறந்துவிடும் பிள்ளையைக் 'கவனமில்லாதவன்' என்று திட்டுவது. ஒரே மூச்சில் நான்கு வேலைகளை ஏவாமல் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். 29ஐ ஓரத்தில் எழுதிவைக்கப் பழக்குங்கள். வாய்பாடு மனப்பாடமாகிவிட்டால் பெருக்கலுக்காகத் தனியே மனத்தைச் செலவிட வேண்டியதில்லை. விளையாட்டுக்குக் கட்டணம் கேட்டால், அந்தப் பணத்தில் கதைப் புத்தகம் வாங்கிக்கொடுங்கள்.