தோற்ற ஆட்டத்துக்கு டிக்கெட் காசைத் திரும்பக் கேட்கலாமா?

வேலூரிலிருந்து ரயிலேறி சேப்பாக்கம் போய், நம்ம அணி 100 ரன்னுக்குள் சுருண்டால் வயிறு எரியும்தான். ஆனால் விற்கப்பட்டது ஆட்டம், வெற்றி அல்ல; பணம் கேட்க வழியில்லை. 2009-இல் இங்கிலாந்து கால்பந்தில் டாட்டன்ஹாம் அணியிடம் 9-1 எனத் தோற்ற விகன் அணி வீரர்கள் ரசிகர்களுக்கு டிக்கெட் காசு தந்தது அவர்கள் பெருந்தன்மை.

கேட்கக்கூடியது வேறு: ஒரு பந்துகூட வீசாமல் ரத்தான ஆட்டம் (டிக்கெட் விதியைப் படித்துவிடுங்கள்), காசு கொடுத்தும் கிடைக்காத இருக்கை. பலர் கோட்டை விடுவது ஆதாரத்தில்தான். கேட்டில் கிழித்துத் தந்த துண்டு அங்கேயே குப்பைக்குப் போய்விடும். அதையும், பணம் கட்டிய குறுஞ்செய்தியையும், இருக்கை எண் தெரியும் படத்தையும் வைத்திருங்கள். முதலில் விற்றவருக்கு மின்னஞ்சல், அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மசியாவிட்டால் 2 ஆண்டுக்குள் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். சென்னைக்கு அலைய வேண்டாம். பிளாக்கில் கூடுதலாகக் கொடுத்த காசு? அதை மறந்துவிடுங்கள்.