ஹோம்ஸ்கூல் குழுத் தலைவர்களுக்குத் துணைநிற்க விரும்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தரும் கிறிஸ்தவக் குடும்பங்கள் சில ஒன்றுசேர்ந்தால் ஒரு ஹோம்ஸ்கூல் குழு உருவாகிவிடும். அறிவியல் செய்முறை, பாட்டு, விளையாட்டு என்று பிள்ளைகள் கூடிக் கற்கிறார்கள். இதை நடத்துகிறவர் பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஒரு தாய். அவர் வீட்டிலும் பாடத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் உண்டு. பல நேரம் இதை மறந்துவிட்டுத்தான் நாம் அவருக்குத் துணைநிற்கப் போகிறோம்.

"ஏதாவது உதவி வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவது முதல் தவறு. நல்ல மனதோடுதான் சொல்கிறோம். ஆனால் எந்த வேலையை யாரிடம் கொடுப்பது என்று யோசிப்பதும் அவர் தலையிலேயே விழுகிறது. ஒரு வேலையை முழுதாகக் கேட்டு வாங்குங்கள்: இந்த வருஷம் கணக்கு வழக்கு என்னுடையது, புதிதாக வரும் குடும்பங்களோடு நான் பேசுகிறேன் என்பதுபோல. வாங்கியபின் ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் அவருக்கு போன் போடாதீர்கள். யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தில் மோசே காலையிலிருந்து சாயங்காலம்வரை தனியாக உட்கார்ந்து வழக்குகளை விசாரிக்கிறார். மாமனார் எத்திரோ அதைப் பாராட்டவில்லை. நீயும் தளர்ந்துபோவாய், ஜனங்களும் தளர்ந்துபோவார்கள் என்கிறார். ஆயிரம், நூறு, ஐம்பது, பத்து பேருக்கென்று தலைவர்களை வைக்கச் சொல்கிறார். சிறிய வழக்குகளை அவர்களே தீர்த்தார்கள். முடிவெடுக்கும் உரிமையும் கைமாறியதால்தான் மோசேயின் பாரம் குறைந்தது.

குழுவின் பணம் தலைவருடைய சொந்த வங்கிக் கணக்கில் கிடப்பதை நம்பிக்கையின் அடையாளமாக நினைக்க வேண்டாம். நாளைக்கு ஒரு கேள்வி வந்தால் அவரால் எதைக் காட்ட முடியும்? தனிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, எல்லோரும் பார்க்கும் வரவு செலவு, இவ்வளவும் அவருடைய நல்ல பெயருக்கான பாதுகாப்பு.

பிள்ளைகளின் பாதுகாப்பில் "நம்ம சபை ஆள்தானே" என்று விட்டுவிடுவது எல்லாவற்றையும்விட ஆபத்தானது. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியறையில் இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பெரியவர்கள் வேண்டும் என்ற விதி எழுத்தில் இருக்கட்டும். போதகருக்கும் அதே விதிதான். எழுத்தில் இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் தலைவர்தான் ஒருவரை முகத்துக்கு நேரே தடுக்க வேண்டியிருக்கும். அந்தச் சங்கடத்தை அவர்மேல் சுமத்துவது நியாயமில்லை.

சட்ட விஷயத்தில் இன்னொரு ஊர்க்காரர் சொன்னதை அப்படியே குழுவுக்கு அனுப்பாதீர்கள். ஜெர்மனியில் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் கற்பிப்பதற்குப் பொதுவாக அனுமதியே கிடையாது. அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் அனுமதி உண்டு, ஆனாலும் நியூயார்க்கில் காலாண்டு அறிக்கை தர வேண்டும். டெக்சாஸில் அரசுக்கு அறிக்கை தரவே தேவையில்லை. உங்கள் இடத்தின் சட்டத்தைப் படித்துச் சொல்லும் பொறுப்பை ஒருவர் ஏற்றுக்கொண்டால் அதுவே பெரிய ஊழியம்.

சபைகளுக்கும் ஒரு வார்த்தை. குழு கூடுவதற்கு அறை கொடுத்ததற்குப் பதிலாக ஞாயிறு பள்ளியையும் தலைவரே நடத்த வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் குடும்பங்களைத் தாழ்த்திப் பேசி, வீட்டில் கற்பிக்கிறவர்களை உயர்த்தவும் வேண்டாம். அந்தக் கசப்பு கடைசியில் தலைவரிடம்தான் வந்து சேரும்.

அப்புறம், தலைவர் களைத்துப்போய் விலகும்வரை அடுத்தவரைத் தேடாமல் இருப்பதும் தவறு. ஆரம்பத்திலேயே ஒரு துணைத் தலைவரை வையுங்கள், பதவிக்காலத்தையும் முடிவுசெய்யுங்கள். சாவி, பெற்றோர் பட்டியல், கணக்குப் புத்தகம், கடவுச்சொற்கள் எல்லாம் இரண்டு பேரிடமாவது இருக்கட்டும். பதவிக்காலம் முடிந்த ஒருவரை "இன்னும் ஒரு வருஷம் மட்டும்" என்று வற்புறுத்தாதீர்கள்.