/24-ஐ வெட்டும் முன்

இணைய வழிகளின் பட்டியலால் ரௌட்டரின் நினைவகம் நிரம்பிவிட்டதா? /24 (256 IP முகவரிகள் கொண்ட தொகுதி) வழித்தடங்களை வடிகட்டி ஒட்டுமொத்தமாக வெட்டிவிடாதீர்கள். நான் வெட்டினேன்; ஒரு வாடிக்கையாளரின் அலுவலகத்தை எங்களால் எட்டவே முடியாமல் போனது. அவருடைய /24, ஒரு இணையச் சேவை நிறுவனத்தின் /20-இலிருந்து (4,096 முகவரிகள் கொண்ட பெரிய தொகுதி) கிள்ளிக் கொடுத்தது. அவருக்கும் அந்த நிறுவனத்துக்கும் இடையிலான கம்பி அறுந்தபோது, இரண்டாவது நிறுவனம் வழியாக /24 வந்துகொண்டுதான் இருந்தது. தடுத்தது என் வடிகட்டி. தரவுப் பொட்டலங்கள் /20-ஐ நம்பிப் போய் அறுந்த கம்பியின் முனையில் மடிந்தன. இயல்பு வழி (வேறெந்த வழியும் பொருந்தாதபோது பயன்படுவது) இருந்தும் உதவவில்லை; அதைவிட /20 துல்லியமானது, அதுவே வெல்லும்.

ஆகவே /24-ஐயும் அதை உள்ளடக்கிய பெரிய தொகுதியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே அண்டை ரௌட்டருக்குப் போனால் மட்டும் /24-ஐ நீக்குங்கள். வழிகள் மாறிக்கொண்டே இருக்கும். நீக்கும் பட்டியலைத் தினமும் புதுப்பியுங்கள். /25-உம் அதைவிடச் சிறிய தொகுதிகளும் வேண்டாம். பெரும்பாலானோர் அவற்றை ஏற்பதில்லை.