பேரி மரத்தில் இலை நிறம் மாறும்போது செய்யக் கூடாதவை

பேரிக்காய் மரம் வைத்த புதியவர்கள் காட்டும் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஓர் இலையைக் கிள்ளி, உள்ளங்கையில் வைத்து, மிக நெருக்கத்தில் எடுத்திருப்பார்கள். கூடவே ஒரு கேள்வி: "இலை மஞ்சளாகுது, என்ன உரம் போடலாம்?" நோயா, பூச்சியா, மண்ணா என்று பார்ப்பதற்கு முன்பே உரம்தான் மருந்து என்று முடிவு கட்டியாகிவிட்டது. நானும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவன்தான், அதனால் பொதுவாகப் பொறுத்துப் போய்விடுவேன். கீழே வரும் இரண்டாவது தவறைப் பார்க்கும்போது மட்டும் இன்னமும் எரிச்சல் வருகிறது. தண்ணீர் விட மறப்பது, கலவையின் அளவைத் தப்பாக அளப்பது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஓர் இலையை வைத்துத் தீர்ப்புச் சொல்வது

இலை என்ன நிறம் என்பதைவிட, அது கிளையில் எங்கே இருந்தது என்பதுதான் முக்கியம். தழைச்சத்து, மக்னீசியம், சாம்பல் சத்து மூன்றும் மரத்துக்குள் நகரக் கூடியவை. பற்றாக்குறை வந்தால் மரம் பழைய இலையிலிருந்து உருவிப் புதுத் தளிருக்கு அனுப்பிவிடும். அதனால் அடி இலைகள்தான் முதலில் அடி வாங்கும். அடி இலை முழுவதும் ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறை. நரம்புகளுக்கு நடுவே மட்டும் மஞ்சளாகி, ஓரம் பச்சையாக நின்றால் மக்னீசியம். ஓரம் மட்டும் கருகினால் சாம்பல் சத்தைச் சந்தேகிக்கலாம்.

இரும்பு அப்படி நகராது. நுனித் தளிர் மஞ்சளாகவும், அதில் நரம்புகள் மட்டும் பச்சை வலை போலவும் தெரிந்தால் இரும்பு போய்ச் சேரவில்லை என்று பொருள். முற்றினால் தளிர் கிட்டத்தட்ட வெள்ளையாகி ஓரம் காய்ந்துவிடும்.

இன்னொன்று, ஒரே ஒரு கிளை மட்டும் நிறம் மாறியிருந்தால் உர மூட்டையைத் தொடவே வேண்டாம். அந்தக் கிளையின் பட்டையைப் பாருங்கள். அங்கே ஒரு புண்ணோ, துளையோ, கட்டிய கம்பி இறுகிப் பதிந்த தடமோ இருக்கலாம்.

சுண்ணாம்பு மண்ணில் அன்னபேதியைக் கொட்டுவது

நுனி மஞ்சள், நரம்பு பச்சை, ஆகவே இரும்புக் குறை. இதுவரை கணிப்பு சரி. அடுத்த நிமிடமே மலிவாகக் கிடைக்கும் அன்னபேதி (இரும்பு சல்பேட்) உப்பை வாங்கி மரத்தடியில் கொட்டிவிடுகிறார்கள்.

மண்ணில் இரும்பு இல்லாததால் வரும் நோய் அல்ல இது. ஏறக்குறைய எந்த மண்ணிலும் இரும்பு தேவைக்கு மேல் இருக்கிறது, கரைந்த நிலையில்தான் இல்லை. மண்ணின் பி.எச். (அமில-கார அளவு) ஓர் அலகு உயர்ந்தால், கரைசலில் இருக்கும் ஃபெரிக் இரும்பு அயனி ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. பி.எச். 7.5-ஐத் தாண்டிய சுண்ணாம்பு மண்ணில் அன்னபேதியைப் போட்டால் அது சீக்கிரமே ஆக்சிஜனேற்றமாகித் துருவாகப் படிந்துவிடும். வேருக்கு ஒன்றும் கிடைக்காது. ஏற்கெனவே பயன்படாமல் கிடக்கும் இரும்போடு இன்னும் கொஞ்சம் சேரும், அவ்வளவுதான்.

தெரிந்த ஒருவர் குவின்ஸ் என்ற, பேரிக்கு உறவான பழமரத்தின் வேர்ச்செடியில் (ஒட்டுக்கு அடியில் வேராக நிற்கும் செடி) ஒட்டிய பேரிக் கன்றுகளை வரிசையாக வைத்திருந்தார். குவின்ஸ் மரத்தைக் குட்டையாக வைத்திருக்கும், சீக்கிரம் காய்க்கவும் வைக்கும். ஆனால் சுண்ணாம்பைச் சுத்தமாகத் தாங்காது. ஒவ்வொரு மரத்தடியிலும் செம்பழுப்பாக ஒரு வளையம் படிந்திருந்தது, அத்தனையும் அவர் போட்ட அன்னபேதி. மஞ்சள் போகவில்லை என்றதும் தண்ணீரைக் கூட்டினார். நீர் தேங்கிய சுண்ணாம்பு மண்ணில் பைகார்பனேட் பெருகி, வேர் இரும்பை எடுப்பது இன்னும் கடினமாகும். மஞ்சள் கூடியது. "மரம் பசியில இருக்கு" என்று ஒரு கடைக்காரர் சொல்ல, யூரியாவும் போய்ச் சேர்ந்தது. யூரியா கொழுத்த, மென்மையான தளிர்களைத் தள்ளியது. அடுத்த வசந்தத்தில் தீக்கருகல் நோய் அந்தத் தளிர்களில்தான் நுழைந்தது. வரிசையில் பாதி மரம் போனது. எரிச்சல் ஏன் என்றால், இரண்டு பருவத்து இந்த அலைச்சலை ஒரு மூடி வினிகர் தடுத்திருக்கும்.

காய்ந்த மண்ணை ஒரு பிடி எடுத்து வினிகரை ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் அதில் தனிச் சுண்ணாம்பு இருக்கிறது. அப்படிப்பட்ட மண்ணைக் கந்தகம் போட்டு அமிலமாக்குவதும் கைக்கு எட்டாத வேலை, இருக்கும் சுண்ணாம்பு அதை விழுங்கிவிடும்.

சந்தேகம் தீர இன்னொரு சோதனை உண்டு. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியைக் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் ஒரே ஒரு தளிரில் தெளியுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் துளி விழுந்த இடம் பச்சைப் புள்ளியாக மாறினால் இரும்புதான். ஆக, அன்னபேதிக்கும் வேலை இருக்கிறது. அந்த வேலை இலையில், சுண்ணாம்பு மண்ணில் அல்ல. ஆனால் தெளிப்பு பட்ட இலைக்கு மட்டும்தான் பலன், அடுத்து வரும் தளிர் மறுபடி மஞ்சளாகத்தான் வரும்.

ஆய்வகத்தில் இலையைக் கொடுத்து "இரும்பு போதுமான அளவு இருக்கிறது" என்ற அறிக்கையோடு வருபவர்களும் உண்டு. மஞ்சள் இலையிலும் பச்சை இலைக்குச் சமமாக இரும்பு இருக்கலாம், இலைக்குள்ளேயே பயன்படாமல் முடங்கிக் கிடக்கும். அந்த எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

மண் வழியாகக் கொடுப்பதென்றால் செலேட் இரும்புதான் (இரும்பு மண்ணில் படிந்துவிடாமல் ஒரு கரிமச் சேர்மம் பிடித்து வைத்திருக்கும் வகை), அதிலும் இ.டி.டி.எச்.ஏ. வகை. இ.டி.டி.ஏ. என்று கிட்டத்தட்ட அதே பெயரில் மலிவான ஒன்று கிடைக்கும். அது பி.எச். 6.5 வாக்கிலேயே தளர்ந்துவிடும், சுண்ணாம்பு மண்ணுக்கு ஆகாது. மொட்டு விரியும் சமயத்தில் கரைத்து, தண்டை ஒட்டி அல்லாமல், கிளைகளின் நிழல் விழும் விளிம்பையொட்டி ஊற்றி, மேலே தண்ணீர் விட்டு மண்ணுக்குள் இறக்குங்கள். வெளிச்சம் பட்டால் செலேட் சிதையும், மேலே தூவி விட்டுவிட்டு வந்தால் பணம் வீண். விலை அதிகம்தான், ஆண்டுதோறும் திரும்பப் போடவும் நேரலாம். அப்புறம், பாசனத்தைக் குறையுங்கள். இது இலவசம், ஆனால் யாருக்கும் மனசு வருவதில்லை. புதிதாக நடுபவர்கள் சுண்ணாம்பு மண்ணில் குவின்ஸைத் தவிர்த்து, பேரி இனத்து வேர்ச்செடியில் ஒட்டிய கன்றைக் கேட்டு வாங்கலாம்.

கருகிய நுனியைத் தண்ணீர்ப் பஞ்சம் என்று நினைப்பது

தளிர் கறுத்து, நுனி கொக்கி போல வளைந்து, காய்ந்த இலை உதிராமல் தொங்கினால் அது தீக்கருகல், ஒரு பாக்டீரியா நோய். தண்ணீரால் சரியாகாது. மழையில்லாத நாளில், கருகல் முடியும் இடத்திலிருந்து 20 முதல் 30 செ.மீ. கீழே, நல்ல மரத்தில் வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்பு கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலில் துடைக்க வேண்டும். வெட்டியதை அங்கேயே போடாமல் அப்புறப்படுத்துங்கள். அந்த ஆண்டு யூரியா கிடையாது.

ஆரஞ்சுப் புள்ளியைக் கண்டு பதறுவது

துரு நோய். பார்வைக்குப் பயங்கரம், நாலைந்து புள்ளி என்றால் மரம் கவலைப்படாது. இந்தப் பூஞ்சை ஒரு பேரி இலையிலிருந்து இன்னொரு பேரி இலைக்குத் தாவுவதில்லை. ஜூனிப்பர் என்ற ஊசியிலைச் செடியில் குளிர்காலத்தைக் கழித்து வசந்தத்தில் திரும்பி வரும். பக்கத்தில் ஜூனிப்பர் இருக்கிறதா என்று பாருங்கள்.

கொப்புளத்தைப் பார்த்தவுடன் மருந்து அடிப்பது

பயனில்லை. இலையில் கொப்புளத்தை உண்டாக்கும் சிலந்திப் பேன் இலைக்குள்ளே உட்கார்ந்திருக்கிறது. அறுவடைக்குப் பிறகு அது மொட்டுகளுக்கு நகரும்போது கந்தகமோ தோட்ட எண்ணெயோ அடியுங்கள். இரண்டையும் அடுத்தடுத்து வேண்டாம், இலை கருகும்.

கரும்பூசணத்துக்குப் பூசணக்கொல்லி

வேண்டாம். இலையில் கரி போலப் படியும் இந்தப் பூஞ்சை தேன் போன்ற பிசுபிசுப்பின் மேல்தான் வளரும். அதைச் சுரக்கும், சாறு உறிஞ்சும் சில்லா பூச்சியைத் தேடுங்கள்.

சீக்கிரமே சிவந்த மரத்தை அழகு என்று விடுவது

மற்ற பேரி மரங்கள் பச்சையாக நிற்க, ஒன்று மட்டும் பல வாரம் முன்பே சிவந்து, இலை சுருண்டால் வேரையும் ஒட்டுப் பகுதியையும் பாருங்கள். நீர் தேங்கியிருக்கலாம், அடித்தண்டின் பட்டையைச் சுற்றிலும் ஏதாவது கடித்திருக்கலாம். சில்லா பூச்சி பரப்பும் பைட்டோபிளாஸ்மா (பாக்டீரியா போன்ற நுண்ணுயிரி) நோயாகவும் இருக்கலாம், அதற்குத் தோட்டக்காரர் கையில் மருந்து இல்லை.

மரத்தடியில் கிளைபோசேட்

பட்டை இன்னும் பச்சையாக இருக்கும் இளங்கன்றுக்குப் பக்கத்தில் இந்தக் களைக்கொல்லியை அடிக்கவே அடிக்காதீர்கள். அடுத்த வசந்தத்தில் இலை ஊசி போலக் குறுகி வெளிறி வரும், அப்போது வந்து உரம் கேட்பீர்கள்.